திபெத்தியன் என்று யார் சொன்னது?

2023 முடியும் தறுவாயில் ஒரு நாள், பறவைப் பட்டியல் செயலியில் பழைய பதிவு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அடையாற்று முகத்துவாரத்தில் ஒரு ஜனவரிக் காலையில் எழுதியது. 'லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவர்' என்று நான் பதிந்திருந்த இடத்தில் 'திபெத்தியன் சாண்ட் ப்ளோவர்' என்று இருந்தது. தேதி அதே, எண்ணிக்கை அதே, கீழே நான் கிறுக்கியிருந்த குறிப்பும் அதே. பெயர் மட்டும் வேறு. அடுத்த பதிவைத் திறந்தேன், அதிலும் அப்படித்தான். கோவளம், கேளம்பாக்கம் உப்பளம், எண்ணூர் என்று நான் போய் நின்ற சேறு எல்லாவற்றிலும் ஒரே ராத்திரியில் திபெத்தியர்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

காரணம் தெரியாமல் இல்லை. லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவர், தமிழில் சொன்னால் சின்ன மணல் உப்புக்கொத்தி, இப்போது ஓர் இனம் இல்லை, இரண்டு. பாமீர், தியான்ஷான், லடாக், திபெத் பீடபூமி என்று உயரமான இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து நம் கரை வழியாகத் தென்கிழக்காசியா வரை பரவி இறங்குவது ஒன்று. சைபீரியாவின் வடகிழக்கு மூலையிலும் கம்சாட்காவிலும் குஞ்சு பொரித்து, தைவானிலிருந்து ஆஸ்திரேலியா வரை போவது இன்னொன்று. 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, சைபீரியப் பறவைக்கு நெருங்கிய சொந்தம் திபெத்தியப் பறவை இல்லை, கிரேட்டர் சாண்ட் ப்ளோவர், அதாவது பெரிய மணல் உப்புக்கொத்திதான் என்று காட்டிவிட்டது. அப்புறம் பிரிக்காமல் வைத்திருக்க வழியில்லை. போதாததற்குப் பேரினப் பெயரும் காரட்ரியஸ் போய் அனரிங்கஸ் ஆகிவிட்டது. அதெல்லாம் சரி. அறிவியல் தன் வேலையைச் செய்திருக்கிறது. எனக்கு உறுத்தியது வேறு. பெயர் மாறுவதற்கு முன்னால் அந்தப் பறவையை யாரும் இன்னொரு தடவை பார்க்கவில்லை. நான் உட்பட.

இதை என்னோடு அவ்வப்போது வரும் வேளச்சேரிப் பையன் ஒருவனிடம் சொன்னேன். பையன் என்றால் வேலைக்குப் போகிறவன்தான், தோளில் எப்போதும் பெரிய லென்ஸ் தொங்கும். அவன் சந்தோஷத்தில் இருந்தான். "அக்கா, எனக்கு ஒரு லைஃபர் சும்மாவே வந்துடுச்சு" என்றான். வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கும் இனத்தை லைஃபர் என்போம். முந்தின வருடம் பிரிஸ்பேனில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனபோது, மோர்ட்டன் விரிகுடாவில் இதே லெஸ்ஸரைப் பார்த்துப் பதிந்திருக்கிறான். இப்போது அங்கே பார்த்தது சைபீரியன், இங்கே பார்த்தது திபெத்தியன். ஒன்று இரண்டாகிவிட்டது. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் பாத்தே?" என்று கேட்டேன். போனில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, மார்பின் இரு பக்கமும் பழுப்புத் திட்டு, கறுத்த அலகு, கறுத்த கால். எது சென்னை, எது பிரிஸ்பேன் என்று படத்தின் ஓரத்தில் இருந்த தேதியை வைத்துத்தான் அவனே சொன்னான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பட்டியலிலும் அதே கதைதானே. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. 'பறவையை அடையாளம் கண்டேன்' என்று நாம் சொல்லும்போது, எதைப் பார்த்துச் சொல்கிறோம்? பறவையைப் பார்த்தா, நாம் நிற்கும் இடத்தைப் பார்த்தா?

பழுப்பும் சாம்பலுமாக ஆறு மாதம்

கரையோரப் பறவைகளோடு பழகாதவர்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றலாம். மீன்கொத்தியை ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்காது. உள்ளான், உப்புக்கொத்தி வகையறா அப்படியில்லை. அவை நம்மிடம் இருக்கும் காலம் பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை. அப்போது அவற்றின் மேல் நிறமே இருக்காது. சேற்றில் நின்றால் சேறு, மணலில் நின்றால் மணல். அதனால் நிறத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கப் பழக வேண்டும்: அலகின் நீளம், காலின் நீளம், பின்கழுத்து, பறக்கும்போது விரியும் சிறகில் வெள்ளைப் பட்டை உண்டா இல்லையா, நடை, இரை தேடும் விதம்.

முகத்துவாரத்தில் சிறிய உப்புக்கொத்திகள் கலந்து நிற்கும்போது முதலில் பின்கழுத்தைப் பார்ப்பேன். கென்டிஷ் ப்ளோவருக்கு அங்கே வெள்ளை வளையம் சுற்றிப் போகும். மணல் உப்புக்கொத்திகளுக்கு அது கிடையாது, தலையின் பழுப்பு நேராக முதுகுக்கு இறங்கிவிடும். பட்டாணி உப்புக்கொத்தி என்றால் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், பறந்தால் சிறகில் வெள்ளைப் பட்டை இருக்காது. இது வரைக்கும் சுலபம். (கென்டிஷிலிருந்தும் ஒன்றை 2023இல் பிரித்துவிட்டார்கள். இலங்கையிலும் நம் தெற்குக் கரையிலும் ஆண்டு முழுவதும் தங்கி முட்டையிடும் சின்னப் பறவை அது, ஹனுமன் ப்ளோவர் என்று பெயர். 1915இலேயே விவரித்ததுதான், நடுவில் கென்டிஷுக்குள் கரைந்து போயிருந்தது. ராமேசுவரம் பக்கம் போகிறவர்கள் பாடு இனி திண்டாட்டம்தான். அது வேறு கட்டுரை.)

சிக்கல் மணல் உப்புக்கொத்திகளுக்குள்தான். சின்னது 18 முதல் 21 செ.மீ., பெரியது, அதாவது கிரேட்டர், 22 முதல் 25 செ.மீ. என்று புத்தகம் சொல்லும். இரண்டும் அருகருகே நின்றால் பளிச்சென்று தெரியும். தனியாக நின்றால், அதுவும் எண்பது அடி தூரத்தில், செ.மீ. கணக்கெல்லாம் உதவாது. அப்போது அலகைத் தலையோடு ஒப்பிட வேண்டும். சின்னதுக்கு அலகின் நீளம், அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரை உள்ள தூரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. பெரியதுக்கு அதைத் தாண்டி நீளும், கொஞ்சம் தடித்தும் தெரியும். பெரியதன் கால் நீளம், வெளிறிய மஞ்சள்பச்சை. பறந்தால் விரல்கள் வாலுக்குப் பின்னால் துருத்தும். சின்னதன் கால் கருஞ்சாம்பல்.

இதில் காலின் நிறத்தை நம்பி மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்பது அடையாறு சொல்லிக்கொடுக்கும் பாடம். அந்தச் சேறு தார் மாதிரி ஒட்டும். கணுக்கால் வரை புதைந்து எழுந்த பறவைக்கு எந்த நிறக் காலும் கறுப்புதான். கொசு உள்ளான் கூட்டத்தில் அதன் நெருங்கிய சொந்தமான டெமிங்க் ஸ்டின்ட் ஒன்று நின்றாலும் இதே கதை: கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், டெமிங்குக்கு மஞ்சள்பச்சைக் கால் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனால் சேறு ஏமாற்றிவிடும். அது தண்ணீரில் இறங்கிக் கால் அலம்பும் வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் காலை மறந்துவிட்டு மார்பைப் பார்க்கலாம். டெமிங்குக்கு மார்பு முழுக்கச் சாம்பல்பழுப்பு பூசியிருக்கும், கொசு உள்ளானுக்கு நடுமார்பு வெள்ளை. பறக்கும்போது டெமிங்கின் வாலோரம் வெள்ளையாக விரியும்.

இப்படி ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஓர் ஏமாற்று உண்டு. கழுத்தை உள்ளிழுத்துக் குளிருக்கு உப்பிக்கொண்ட பறவைக்கு அலகு சின்னதாகத் தெரியும். தலையை நம் பக்கம் கொஞ்சம் திருப்பினாலே அலகு பாதியாகிவிடும், படத்தில் இன்னும் மோசம். ஆனாலும் அலகு, கால், பின்கழுத்து, பறக்கும் தோற்றம் என்று நாலைந்தைச் சேர்த்துப் பார்த்தால், சின்னதா பெரியதா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அங்கே நாம் பறவையைப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

திபெத்தியனா சைபீரியனா என்பது அப்படியில்லை. குளிர்கால இறகில் இரண்டுக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசம் மிகக் குறைவு. சைபீரியப் பறவையின் விலாப்பக்கம் கொஞ்சம் அழுக்குப் பிடித்த மாதிரி பழுப்பேறி இருக்கும், திபெத்தியனுக்கு விலா சுத்தமான வெள்ளை. அலகும் காலும் திபெத்தியனுக்குச் சற்று நீளம். அந்தச் 'சற்று' இருக்கிறதே, அதை வைத்து அடையாற்றுக் கரையில் ஒரு தனிப் பறவைக்குப் பெயர் வைக்க எனக்குத் தைரியம் கிடையாது. உண்மையான வித்தியாசம் முகத்தில் இருக்கிறது, அதுவும் இனப்பெருக்கக் காலத்து முகத்தில். அப்போது இரண்டுக்குமே மார்பு செங்கல் நிறமாகும், கண்ணை மூடிக் கறுப்பு முகமூடி ஏறும். திபெத்தியனுக்கு அந்தக் கறுப்பு நெற்றியையும் மூடிவிடும், சிலவற்றுக்குச் சின்ன வெள்ளைப் புள்ளி மிஞ்சலாம். சைபீரியனுக்கு நெற்றி வெள்ளை, அதை நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு இரண்டாகப் பிரிக்கும். தொண்டையின் வெள்ளை முடிந்து மார்பின் சிவப்பு தொடங்கும் இடத்திலும் சைபீரியனுக்கு ஒரு கறுப்புக் கோடு, பேனாவால் இழுத்த மாதிரி. திபெத்தியனுக்கு அது இருக்காது. இவ்வளவு தெளிவாக இருப்பதை அவை ஊருக்குத் திரும்பும்போதுதான் உடுத்திக்கொள்கின்றன என்பதுதான் நம் துரதிர்ஷ்டம்.

இடமும் ஓர் அடையாளம்தான்

மந்தைவெளியிலிருந்து ஒரு பெரியவர் முகத்துவாரத்துக்கு வருவார். நான் பைனாகுலர் வாங்குவதற்கு முன்பிருந்தே அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவரிடம் என் உறுத்தலைச் சொன்னபோது சிரித்தார். "ஏம்மா, நவம்பர் மாசம் நம்ம ஊர்ல ஒருத்தன் காய்ச்சல்னு வந்தா டாக்டர் முதல்ல டெங்கு டெஸ்ட்தானே எழுதறார்? லண்டன்ல எழுதுவாரா? இடமும் காலமும் பாக்காம நோய் பேரும் சொல்ல முடியாது, பறவை பேரும் சொல்ல முடியாது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. புத்தகத்தில் ஒவ்வொரு பறவைக்கும் பக்கத்தில் வரைபடம் ஏன் இருக்கிறது? பள்ளிக்கரணையில் உயரமாய் ஒன்று பொரிப்பொரி முதுகோடு, கண்ணைத் தாண்டி நீளும் வெள்ளைப் புருவத்தோடு நின்றால், பொரி உள்ளான் என்று எழுதிவிட்டு நகர்கிறேன். வட அமெரிக்காவில் அதே மாதிரி இருக்கும் இன்னொரு பறவையைப் பற்றி ஒரு நொடி கூட யோசிப்பதில்லை. யோசித்துக்கொண்டு நின்றால் பட்டியல் முடியாது. இடம் தருவது ஒரு சாட்சி, பெரும்பாலும் நல்ல சாட்சி. இந்தியக் கரைக்கு வருவது திபெத்திய வகை என்பதும் யாரோ நாற்காலியில் உட்கார்ந்து ஊகித்ததில்லை, பறவைகளைக் கையில் பிடித்து அளந்து, அருங்காட்சியகத் தோல்களை ஒப்பிட்டுத்தான் அது தெரியும்.

ஆனால் அவரிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான். டாக்டர் டெங்கு டெஸ்ட் எழுதுகிறார், சரி. டெஸ்ட் எடுக்காமலே டெங்கு என்று சான்றிதழ் கொடுத்தால்? சென்னையில் நிற்கும் ஒவ்வொரு சின்ன மணல் உப்புக்கொத்தியையும், இது சென்னை என்பதாலேயே திபெத்தியன் என்று நூறு பேர் எழுதுகிறோம். பத்து வருடம் கழித்து ஒருவர் அந்தப் பதிவுகளையெல்லாம் திரட்டி, 'சென்னையில் வருவது திபெத்தியன் மட்டுமே' என்று வரைபடம் போடுவார். அந்த வரைபடத்தைப் பார்த்து அடுத்த நூறு பேர் திபெத்தியன் என்று எழுதுவார்கள். நடுவில் வழிதவறி ஒரு சைபீரியன் வந்து பட்டினப்பாக்கம் பக்கத்து மணலில் ஒரு முழுக் குளிர்காலமும் நின்றிருந்தாலும் அதுவும் திபெத்தியனாகவே கணக்கில் ஏறியிருக்கும். வரைபடம் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஸ்கோப்பிலேயே கண்ணை வைத்திருந்தார். "வந்தா வசந்தத்துல தெரிஞ்சுட்டுப் போகுது. ஏப்ரல்ல வந்து பாரு" என்றார். பேச்சை முடிக்கச் சொன்னாரா, வழி சொன்னாரா தெரியவில்லை. நான் வழி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு நெற்றி

சென்னையில் ஏப்ரல் மாதம் பறவை பார்க்கப் போவது ஒரு பைத்தியக்காரத்தனம். எட்டரை மணிக்கெல்லாம் சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும், ஸ்கோப்பில் பார்த்தால் பறவை நீருக்கடியில் நிற்கிற மாதிரி நெளியும். பெரும்பாலானவை கிளம்பியும் போயிருக்கும். அதனால்தான் நம்மில் பலர் மார்ச் மாதத்தோடு ஸ்கோப்பை மூடிவைத்துவிட்டு அடுத்த செப்டம்பர் வரை காத்திருக்கிறோம், பறவைகள் முகத்தைக் காட்டும் அந்தச் சில வாரங்களைச் சரியாகத் தவறவிடுகிறோம்.

உடைந்த பாலத்துக்கு விடிந்ததுமே போய்விட்டேன். 1977 வெள்ளத்தில் நடுப்பகுதி அடித்துக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பாலம் பெசன்ட் நகர் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. காலையில் அங்கிருந்து பார்ப்பதில் ஒரு வசதி: கடல் பின்னால், கழிமுகம் முன்னால் மேற்கே. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் மேல் நேராக வெளிச்சம் விழும். அன்றைக்கு முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தது. கடல் உள்ளே வராததால் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் இல்லை, தேங்கிய தண்ணீரின் ஓரத்தில் ஒரு நீண்ட சேற்று விளிம்பு. வாடைக்குக் கைக்குட்டை தேவைப்பட்டது. குப்பத்துப் பிள்ளைகள் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாய் ஒன்று காலைக் கடமையாக நெடுங்கால் உள்ளான்களைத் துரத்திக்கொண்டிருந்தது.

சேற்று விளிம்பில் மணல் உப்புக்கொத்திகள் சில இருந்தன. பெரும்பாலும் இன்னும் பழுப்புதான். ஆனால் ஒன்று முழு உடையில் இருந்தது. நாலடி ஓடும், நிற்கும், ஒரு காலை மட்டும் சேற்றின் மேல் படபடவென்று நடுங்க விடும், குனிந்து ஒரு கொத்து, புழு நூல் மாதிரி நீண்டு வந்து அறுபடும், மறுபடி நாலடி ஓட்டம். நான் இருந்த பக்கமாகவே வந்தது. அந்தச் செங்கல் நிறம் படத்தில் பார்ப்பதைவிட ஆழமாக இருந்தது, மார்பின் குறுக்கே பட்டையாகப் போய்ப் பக்கவாட்டில் மங்கியது. தொண்டை வெள்ளைக்கும் அந்தச் சிவப்புக்கும் நடுவில் எந்தக் கோடும் இல்லை, வெள்ளை முடிந்த இடத்தில் சிவப்பு தொடங்கியது. கறுப்பு, காதுப்பக்கத்திலிருந்து கண்ணை விழுங்கிக்கொண்டு நெற்றி முழுக்க ஏறியிருந்தது. வெள்ளை ஒரு புள்ளிகூட இல்லை. திபெத்தியன். இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருந்த பறவையின் நெற்றியை அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். செயலி சொன்னது சரிதான் என்று ஒரு சின்ன ஏமாற்றம்கூட வந்தது, அதை மறைப்பானேன்.

எனக்கு விஷயம் புரிந்தது அந்தப் பறவையால் இல்லை, அதன் பின்னால் வந்த இன்னொன்றால். அது பாதி மாறியிருந்தது. மார்பில் சிவப்பு திட்டுத்திட்டாக ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் பின்னால் கறுப்பு வந்துவிட்டது. நெற்றியில் வெள்ளை, அதன் நடுவே கறுப்பு இறகுகள் ஒன்றிரண்டு முளைத்திருந்தன. அதைப் பார்த்ததும் என் மனதுக்குள் ஓடிய முதல் வாக்கியம், 'இது இன்னும் முழுசா மாறலை' என்பது. குளிர்காலத்து வெள்ளை இறகுகள் பாக்கி இருக்கின்றன, இன்னும் பத்து நாளில் உதிர்ந்து நெற்றி கறுத்துவிடும், திபெத்தியன்தான். அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம். பைனாகுலரை இறக்கிய பிறகுதான் யோசித்தேன்: இதே பறவை, இதே நெற்றியோடு, மோர்ட்டன் விரிகுடாவில் நின்றிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? 'வெள்ளை நெற்றி, நடுவில் கறுப்பு, சைபீரியன்' என்று சொல்லியிருப்பேன். அதே இறகு, அதே வெள்ளை. இங்கே அது மிச்சம், அங்கே அது அடையாளம்.

பெரியவரிடம் பேசும்போது நான் இடத்தை இன்னொரு சாட்சி என்றுதான் நினைத்திருந்தேன். பறவையின் அடையாளங்கள் ஒரு தட்டில், இடம் இன்னொரு தட்டில், கூட்டிக் கழித்து முடிவு. ஆனால் அன்றைக்கு நடந்தது கூட்டல் இல்லை. இடம், மற்ற சாட்சிகள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவற்றின் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தது. எதிரான அடையாளம் ஒன்று கண்முன்னால் நின்றபோது அதற்கு ஒரு சமாதானத்தைத் தயாராக நீட்டியது. அந்தச் சமாதானம் சரியாகவே இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மிச்ச ஒன்று வரும் நாளிலும் அதே சமாதானம், அதே சுலபத்தோடு வரும். அதுதான் என் கவலை.

திரும்பவும் பைனாகுலரை ஏற்றித் தொண்டை விளிம்பைத் தேடினேன். கோடு இருந்தால் கதை மாறும். பறவை தலையைக் குனிந்துகொண்டே இருந்தது. ஒரு முறை நிமிர்ந்து கடல் பக்கம் பார்த்தபோது தொண்டை தெரிந்தது: கோடு இல்லை. ஆனால் சிவப்பே பாதிதான் ஏறியிருக்கிறது, கோடு வரவேண்டியிருந்தால் அதுவும் இனிமேல்தானே வரும்? விலா வெள்ளையாகத்தான் தெரிந்தது, ஆனால் எட்டு மணி வெயில் நேராக அடிக்கும்போது எந்த விலா வெள்ளையாகத் தெரியாது? அப்புறம் அந்த நாய், நெடுங்கால்களை முடித்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பியது.

அன்றைய பட்டியலில் முழு உடையில் இருந்ததைத் திபெத்தியன் என்று எழுதினேன். நெற்றி, தொண்டை இரண்டையும் குறிப்பில் சேர்த்தேன். பாதி மாறியதையும் பழுப்பாக இருந்தவற்றையும் 'சைபீரியன் அல்லது திபெத்தியன்' என்று எழுதினேன். செயலியில் அப்படி எழுத ஒரு வழி வைத்திருக்கிறார்கள், யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு

வேளச்சேரிப் பையனுக்கு இது பிடிக்கவில்லை. "அக்கா, தெரிஞ்ச பறவைய தெரியாததுன்னு எழுதறது மட்டும் நேர்மையா? அடையாறுல நிக்கிற எல்லாமே திபெத்தியன்னு உங்களுக்கே தெரியும்" என்றான். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரியும் என்பது உண்மை. ஆனால் எனக்குத் தெரிவது சென்னையைப் பற்றி, அந்தப் பறவையைப் பற்றி இல்லை. பட்டியலில் கேட்பது பறவையைப் பற்றி. சென்னையைப் பற்றிய தகவல் அந்தப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது, மேலேயே இடத்தின் பெயர் போட்டிருக்கிறது. ஆய்வு செய்கிறவருக்குத் திபெத்தியன் என்று ஊகிக்கத் தோன்றினால் அவரே ஊகித்துக்கொள்ளலாம், என்னைவிட நன்றாகவே. என் ஊகத்தை என் பார்வை மாதிரி வேஷம் போட்டுக் கொடுத்தால், பிறகு அவரால் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

எல்லா இடத்திலும் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேனா என்றால், இல்லை. பொரி உள்ளானைப் பொரி உள்ளான் என்றுதான் எழுதுகிறேன். எங்கே கோடு போடுவது என்பதற்கு என்னிடம் சூத்திரம் கிடையாது. புதிதாகப் பிரிந்த இனங்கள், எது எங்கே வருகிறது என்பது இன்னும் முழுக்கத் தெளிவாகாதவை, நிறமில்லாத காலத்தில் ஒன்றுபோல இருப்பவை என்று வரும்போது மட்டும் கை தயங்குகிறது. பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ உன் பட்டியல்ல திபெத்தியனே தேறாதே" என்றார். ஏப்ரல் மட்டும் இல்லை சார், ஆகஸ்ட்டும் இருக்கிறது என்றேன். முதலில் திரும்பி வரும் வளர்ந்த பறவைகள், தேய்ந்து வெளுத்த இறகோடுதான் என்றாலும், சிவப்பையும் கறுப்பையும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு வருகின்றன. நாமோ செப்டம்பரில் போய், முதுகில் இறகுக்கு இறகு வெளிர் விளிம்பு போட்ட இளம் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். பிறந்து முதல் வருடத்துப் பறவைகளில் சில கோடையிலும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடும். ஜூன் மாதத்தில் எண்ணூர்ப் பக்கம் போனால் பழுப்பாகவே நிற்கும் அவற்றைப் பார்க்கலாம். அவற்றுக்கு நெற்றியும் கறுக்காது, மார்பும் சிவக்காது. அவை என் பட்டியலில் இரண்டில் ஒன்றாகவே கிடக்கட்டும்.

பையன் தன் பிரிஸ்பேன் பறவையை மட்டும் விடுவதாக இல்லை. ஆனால் என் தொணதொணப்பு எங்கோ தைத்திருக்க வேண்டும். அடுத்த மார்ச் கடைசியில் தன் அக்காவுக்குப் போன் போட்டு, அங்கிருக்கும் மணல் உப்புக்கொத்திகள் வடக்கே கிளம்புவதற்கு முன்னால், செவந்த மார்போடு இருப்பதாகப் பார்த்து நெற்றி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அவருக்குப் பறவைகளில் ஈடுபாடு கிடையாது, தம்பி கேட்டானே என்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போயிருக்கிறார். அன்று மாலையே படம் வந்தது, பையன் எனக்கு அனுப்பிவைத்தான். அருமையான வெளிச்சம், கண் வரைக்கும் கூர்மை, நெற்றி துல்லியமாகத் தெரிந்தது. பார்க்கிங்கில் யாரோ போட்ட சிப்ஸைத் தின்றுகொண்டிருந்த மூன்று கடற்புறாக்கள். கீழே அவன் எழுதியிருந்தான்: "இதுல ஒண்ணும் டவுட் இல்லையே அக்கா?"